வெண்டல் வாங்காத பணம்

வெண்டல் டாக்கெட்டுக்கு ஓசியில் எதையாவது வாங்கினால் உடம்பு கூசும். மன்ஸி நகரத்து மளிகைக் கடையில் இறைச்சி வெட்டுகிறார். வேலைக்காரர்களுக்குச் சும்மா தரும் காப்பியைக்கூடக் காசு போட்டுத்தான் குடிப்பார். நான் ஆப்பிள் பை சுட்டு ஒரு பாத்திரத்தில் கொடுத்தனுப்பினால் மறுநாளே அந்தப் பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கு சாலட் திரும்பி வரும். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த நல்லதனம் பெண்டாட்டியின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அதில்தான் எனக்குக் கோபம்.

கொரோனா வந்த வருடம் அரசாங்கம் எல்லோருக்கும் நிவாரணப் பணம் அனுப்பியது. வெண்டலுக்கும் அவர் மனைவி ஆர்டித்துக்கும் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு டாலர். எங்கள் சபையின் வரவு செலவைப் பார்ப்பவள் நான். அவர் அந்தப் பணத்தை அப்படியே உறையில் போட்டு, காணிக்கை என்று சொல்லி என்னிடம் திணித்துவிட்டுப் போனார். ஆலயத்தின் ஒழுகிய கூரைக்கு அது சரியாகப் போயிற்று.

அடுத்த மார்ச்சில் அவருடைய வேன் படுத்துவிட்டது. கியர் பெட்டியை மாற்ற வேண்டும். ஆர்டித்துக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போயாக வேண்டும். வருமான வரி ரீஃபண்ட் வந்ததும் வேனைச் சரிசெய்யலாம் என்று வெண்டல் காத்திருந்தார். ரீஃபண்ட் வரவில்லை. நோயாளிகளை ஏற்றிச் செல்லும் இலவச வண்டியைக் கூப்பிடவும் மனம் வரவில்லை. ஒரு நாள் அண்டை வீட்டுக்காரர் கொண்டுபோய் விட்டார். மறுபடி அவரிடம் கேட்க வெண்டலுக்குக் கூச்சம். அடுத்த இரண்டு தடவை ஆர்டித் போகவே இல்லை. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது.

சனிக்கிழமை நான் போய்க் கேட்டேன்.

"பிரதர், வரிக் கணக்குல நிவாரணப் பணத்தப் பத்திக் கேட்டிருப்பாங்களே, என்ன சொன்னீங்க?"

"வாங்கலேன்னு சொன்னேன்."

"வாங்கலியா? எங்கிட்ட கொண்டாந்து குடுத்தது யாரு, உங்க ஆவியா?"

"எங்கிட்ட நிக்கலியே சிஸ்டர் மார்வா. வாங்கினது சபை."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. ரீஃபண்ட்லயும் ஒரு சல்லிக்காசு பிடிக்க மாட்டாங்க. வாங்கினேன்னு சொல்லியிருந்தா உங்க ரீஃபண்ட் ஆயிரத்துத் தொள்ளாயிரமும் பேசாம வந்திருக்கும். நிவாரணப் பணம் வராதவங்களுக்குத்தான் அத ரீஃபண்டோட சேத்துக் குடுக்கறாங்க. நீங்க வரலேன்னீங்க. அவங்க கணக்குல அனுப்பியாச்சுன்னு இருக்கு. எது சரின்னு பாக்கறவரைக்கும் மொத்தத்தையும் நிறுத்தி வச்சிருக்காங்க."

வெண்டலின் முகம் வெளுத்தது. "திருடன்னு நெனச்சிருப்பாங்களோ?"

"தப்பாப் போட்டிருக்கீங்கன்னு நெனப்பாங்க. வரலேன்னு சொன்னதால கூட ஏறின அந்த ரெண்டாயிரத்து நானூற மட்டும் தள்ளிட்டு, உங்க ஆயிரத்துத் தொள்ளாயிரத்த அனுப்புவாங்க. எப்போன்னுதான் தெரியாது. அதுவரைக்கும் சபைப் பணத்துலேந்து டாக்ஸிக்குத் தரேன், வாங்கிக்குங்க."

"கர்த்தருக்குக் குடுத்தத திருப்பி வாங்கறதா? அந்தப் பேச்சே வேண்டாம்."

ஆர்டித் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.  பேச அவளுக்கு மூச்சு இல்லை. திங்கட்கிழமையும் தவறினால் அவள் பிழைப்பாளா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவளை யாரோ காரில் அழைத்து வந்திருந்தார்கள். காணிக்கைத் தட்டை நான் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு வந்தேன். வெண்டல் ஐந்து டாலர் போட்டார். வேன் ஓடாமல் நிற்கிறது, அப்போதும் காணிக்கை. தட்டு ஆர்டித்திடம் போனது. அவள் போடவில்லை. வீங்கிய விரல்களைத் தட்டுக்குள் விட்டு ஒரு இருபது டாலர் நோட்டை எடுத்தாள்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பியானோ வாசித்தவள் தாளம் தப்பினாள்.

"என்ன பண்றே ஆர்டித்?" என்று வெண்டல் பல்லைக் கடித்தார்.

"நாளைக்கு டாக்ஸிக்கு. உனக்கு வெக்கமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கோ. எனக்குச் சாகப் பயமா இருக்கு வெண்டல்."

அவர் எழுந்தார். நோட்டைப் பிடுங்கப் போகிறார் என்றே நினைத்தேன். அறைந்துவிடலாம் என்று என் கையும் தயாராகத்தான் இருந்தது. திரும்பி வரவும் காசு வேண்டும் என்று அவள் இன்னொரு நோட்டுக்குக் கையை நீட்டினாள். அவர் எழுந்தபோது நான் தட்டைப் பின்னுக்கு இழுத்திருந்ததால் எட்டவில்லை. வெண்டல் தட்டை என்னிடமிருந்து வாங்கினார். இத்தனை பேர் பார்க்க, அவளுக்கு எட்டும்படி தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.