ஆஸ்பத்திரி லைன்

எங்கள் நாட்டில் எண்ணெய் கிடையாது. எரிவாயு கிடையாது. நிலக்கரிச் சுரங்கங்களையும் ஒவ்வொன்றாக மூடியாயிற்று. எரிகிற பொருள் எதுவானாலும் கப்பலில்தான் வந்து இறங்கவேண்டும். வெளியே வாங்காமல் உள்ளூரிலேயே இரவும் பகலும் எரிந்த ஒரே பொருள் தமாயேயின் வயிறு. அமைச்சகத்தில் யாருக்காவது புத்தி இருந்திருந்தால் அதை ஒரு டர்பைனோடு இணைத்திருப்பார்கள்.

தமாயே முடி அலங்காரக் கடைக்காரி. டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் எங்கள் ஊர். எங்கள் அரிசிக் கடைக்கு அடுத்த கதவு அவளுடையது. நடுவே ஒரு பலகைச் சுவர்தான், அவள் பெருமூச்சு விட்டால் எங்கள் அரிசிச் சாக்கு அசையும். பிறந்த அன்றே பக்கத்துத் தொட்டிலில் கிடந்த குழந்தையின் போர்வையைப் பார்த்துத்தான் முதல் அழுகை அழுதாளாம். அவள் அம்மா சொன்னது, நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

எதிர்சாரியில் கடை வைத்திருந்தவள் ஹருயோ. இருவரும் ஒரே முதலாளியம்மாவிடம் தொழில் கற்றவர்கள். தமாயே ஒரு வருஷம் முன்னால் சேர்ந்ததால் ஹருயோ அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த அக்காவில் தேன் சொட்டும். தமாயேக்கு அதுவும் பிடிக்காது.

எழுபத்து மூன்றில் அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்தபோது, இங்கே விளம்பர விளக்குகளை அணைக்கச் சொன்னார்கள். எண்ணெய் இல்லையென்றால் கழிப்பறைக் காகிதமும் இருக்காது என்று யாரோ கிளப்பிவிட, ஊரே கடை வாசலில் நின்றது. முதலாளியம்மா இரண்டு பெண்களையும் வரிசைக்கு அனுப்பினாள். ஹருயோ கைக்கு இரண்டு கட்டு வந்தது. அடுத்து நின்ற தமாயேயின் முறை வந்தபோது அலமாரி காலி. மறுவாரம் கண்ணாடி அருகே முன் நாற்காலியில் தலை அலங்கரிக்கும் வேலை ஹருயோவுக்குக் கிடைத்தது.

"கைத்திறமையாலயா முன்னாடி போனா? காகிதம் கொண்டாந்தா, போனா" என்று தமாயே நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று மார்ச்சில் பூமி குலுங்கியது. வடகிழக்குக் கரையில் கடல் ஏறி ஊர்களையே கொண்டுபோயிற்று. அணுமின் நிலையம் கெட்டது. அதைப் பற்றி விளையாட்டாகப் பேச எனக்கு வாய் வராது. எங்கள் ஊருக்கு வந்தது மின்வெட்டு மட்டும்தான். ஊர்களைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, இன்று காலை உனக்கு, மாலை அவனுக்கு என்று முறைவைத்து நிறுத்தினார்கள்.

மேற்கே மின்சாரம் ஏராளமாக இருந்தது. ஆனால் கொண்டுவர வழியில்லை. அந்தக் காலத்தில் டோக்கியோக்காரர்கள் மின்சாரம் எடுக்கும் மெஷினை ஜெர்மனியில் வாங்க, ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவில் வாங்க, கிழக்கே ஓடும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி, மேற்கே அறுபது. ஒரே நாட்டுக்குள் இரண்டு வீட்டு மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் நிலையங்கள் இருந்தன, ஆனால் அவை குடத்துக்கு ஊசித்துளை போலத்தான். நூறு வருஷமாக அதை யாரும் சரிசெய்யவில்லை.

தமாயேயின் அக்கா ஒசாகாவில் இருந்தாள். "ஃபோன்ல பேசறப்போ பின்னாடி உய்யுன்னு ஒரு சத்தம்" என்றாள் தமாயே என்னிடம். "டிரையர் போட்டுக்கிட்டே என்னைப் பாத்து ஐயோ பாவம்ங்கிறா."

அக்காவாவது தொலைவில் இருந்தாள். முதல் வெட்டு விழுந்த அன்று தமாயே வாசலுக்கு வந்து பார்த்தாள். எங்கள் சாரி முழுவதும் இருட்டு. எதிர்சாரியில் ஹருயோ கடை ஜொலித்தது. விசாரித்தால், அந்தச் சாரிக்கு வரும் கம்பி ஆஸ்பத்திரிக்குப் போகிற கம்பி. ஆஸ்பத்திரியை நிறுத்தக்கூடாது, அதனால் அந்த லைனில் தொங்குகிற எவருக்கும் வெட்டு கிடையாது.

"ஆஸ்பத்திரி கம்பி போற பக்கமா கடை எடுக்கணும்னு அப்பவே அவளுக்கு யாரோ சொல்லியிருக்காங்க" என்றாள் தமாயே.

"முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடியா?"

"அவ அப்படித்தான். எல்லாம் முன்கூட்டியே பாத்து வெச்சிருப்பா."

அது சும்மா வயிற்றெரிச்சலாக இருந்திருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மாதக் கடைசியில் ஆரம்பப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வழியனுப்பும் விழா. அம்மாக்கள் கிமோனோ கட்டி, கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொண்டு போகும் நாள். அந்தக் காலை வருமானம்தான் தமாயேயின் வருஷம். கடை திறந்ததிலிருந்து அந்த அம்மாக்கள் அவளிடம்தான் வந்தார்கள். அவர்களின் அம்மாக்களும் அப்படியே. இந்த வருஷம் எங்கள் சாரிக்கு விடியலிலிருந்து பத்து மணிவரை வெட்டு என்று அட்டவணை வந்தது. சுடுநீர் இல்லை, டிரையர் இல்லை. அந்த அம்மாக்களில் ஒருத்தியான குவாஹரா வீட்டு மருமகள் ஹருயோ கடைக்குள் தலையை நீட்டி ஏதோ விசாரித்துவிட்டுப் போனதைத் தமாயே தன் கண்ணாலேயே பார்த்தாள். ஒரு தலை போனால் அந்த வகுப்பு முழுவதும் பின்னாலேயே போகும். போன தலை திரும்பி வராது.

அன்று மாலை தமாயே ஒரு பெரிய காகிதத்தில் தூரிகையால் எழுதிக் கதவில் ஒட்டினாள். 'வடக்கே குளிரில் இருக்கும் மக்களை நினைத்து, இந்தக் கடையில் மின்சாரம் இல்லாமல் பணி செய்கிறோம்.'

அவளுக்கென்னவோ வேறு வழி இருந்தது போல.

ஆனால் அது வேலை செய்தது. அந்த நாட்களில் எங்கள் எல்லோருக்கும் வெளிச்சம் என்றாலே ஒரு கூச்சம். ரயில் நிலையத்தில் நகரும் படிக்கட்டு நின்றிருந்தது, கடைகளில் பாதி விளக்கு, யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை. அந்தக் காகிதத்தைப் படித்த பிறகு எந்த அம்மா எதிர்சாரியின் பளபளப்பில் போய் உட்கார்வாள்? ஊர் பார்க்குமே. மறுநாளே குவாஹரா வீட்டு மருமகள் தமாயே கடைக்கு வந்து, "டீச்சர், இருட்டா இருந்தாலும் பரவாயில்ல, உங்க கையாலயே கட்டிக்கிறோம்" என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். முடி அலங்காரக்காரியை எங்கள் ஊரில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவது.

விழா நாள் விடிந்தது. தமாயே மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி, முடி சுருட்டும் பழைய இரும்பு இடுக்கியை அதன்மேல் காயவைத்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளையும் அந்த வகுப்பு என்பதால் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஊராட்சி ஒலிபெருக்கி கரகரத்தது. மின் தேவை எதிர்பார்த்ததைவிடக் குறைவு, இன்று காலை வெட்டு இல்லை.

நல்ல செய்திதானே. தமாயேயின் முகம் மட்டும் வெளுத்தது. மேலே விளக்கு எரிகிறது. கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறது. தெருமுனையில் அம்மாக்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையைப் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கதவுக்கு மேலிருந்த மெயினை இறக்கிவிட்டாள். படீரென்று இருட்டு.

"நீங்க ஒண்ணும் பாக்கலையே?" என்றாள்.

"இருட்டுல என்னத்தைப் பாக்கறது?"

அம்மாக்கள் உள்ளே வந்து, உருக்கமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கி சொன்னது அவர்களில் யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. அது எப்போதும் வாய் நிறையச் சோற்றோடு பேசுவது போலத்தான் பேசும். வேலை நடந்தது. ஆனால் மெதுவாக. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, அடுப்புத் தீ சின்னது, இடுக்கி சூடேற நேரம் பிடித்தது. இரண்டு தலை முடிவதற்குள் வரிசை வாசல்வரை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஹருயோ தெருவைக் கடந்து வந்தாள். இரு கையிலும் சுடுநீர் ஃப்ளாஸ்க், தோளில் துண்டுகள்.

"என் கடையில ஒரு ஈ கூட வரல, அக்கா. வெளிச்சத்துல தனியா உக்காந்திருக்க வெக்கமா இருக்கு. சுடுதண்ணி கொண்டாந்தேன்."

தமாயே பதில் சொல்வதற்குள் எங்கள் கடைப் பக்கமிருந்து, திறந்த கதவு வழியாகக் கரகரவென்று ஓசை கேட்டது. என் வீட்டுக்காரர் அரிசி தீட்டும் மெஷினைப் போட்டுவிட்டார். மனிதருக்கு மின்சாரம் இருந்தால் போதும்.

ஹருயோ அந்த ஓசையைக் கேட்டாள். கையிலிருந்த ஃப்ளாஸ்கை வைத்தாள். பிறகு நிமிர்ந்து, கதவுக்கு மேலே இறங்கிக் கிடந்த மெயினைப் பார்த்தாள். தமாயேயின் வாயில் நாலு கொண்டை ஊசிகள். மூச்சு விட்டிருந்தால் எதிரே இருந்தவளின் கழுத்தில் பாய்ந்திருக்கும். கடை முழுக்க அம்மாக்கள். ஹருயோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை வருஷக் கடை அந்தக் காகிதத்தோடு போய்விடும்.

"குளிர் உள்ள வருது" என்று சொல்லி ஹருயோ கதவை இழுத்துச் சாத்தினாள். மெஷின் ஓசை பாதி அமுங்கியது. சுடுநீரில் துண்டை நனைத்துப் பிழிந்து குவாஹரா வீட்டு மருமகளின் தலையில் சுற்றிவிட்டு, தமாயேயைக் கேட்காமலே ஒரு சீப்பை எடுத்துக்கொண்டாள்.

முதலாளியம்மா காலத்துக்குப் பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தது அன்றுதான். ஒருத்தி கை நீட்டினால் மற்றவள் ஊசியை வைத்தாள். எல்லாத் தலையும் நேரத்துக்கு முடிந்தது. போகும்போது குவாஹரா வீட்டு மருமகள் கைக்கண்ணாடியில் பின்னங்கழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

"ஏப்ரல்ல சின்னவளை ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கறோம், டீச்சர். அன்னிக்கும் ஹருயோ டீச்சர் இங்க இருப்பாங்கல்ல?"

"இருப்பா" என்றாள் தமாயே, ஊசியை மென்றுகொண்டே.

எல்லோரும் போன பிறகு கேட்டாள், "ஏப்ரல்ல வருவியா?"

"உங்க பக்கம் கரண்ட் இல்லேன்னா வரேன், அக்கா. இருந்தா எனக்கு என்ன வேலை இங்க?"

ஏப்ரல் பிறந்தது. இனி வெட்டு இருக்காது என்று பேச்சு அடிபட்டது. நாடே பெருமூச்சு விட்டது. தமாயே மட்டும் மின் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வேறெதையும் செய்யாமல் நின்றேன்.

"மின்தடையால தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு..." என்று ஆரம்பித்திருப்பாள் போலிருக்கிறது மறுமுனையில் இருந்த பெண்.

"அதில்லம்மா. வெட்டு நின்னுபோச்சாமே. பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்குக் காலையில மட்டும் கொஞ்சம் நிறுத்த முடியுமா? எங்க சாரி மட்டும் போதும். ஆஸ்பத்திரி சாரி வேணாம்."

அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள். எனவே மன்னிப்புக் கேட்டாள். தங்கள் விருப்பப்படி மின்சாரத்தை நிறுத்தித் தர இயலாத நிலைக்கு மனமார வருந்துகிறோம் என்று அவள் சொன்னதை, தமாயே ஃபோனை வைத்துவிட்டு என்னிடம் வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொன்னாள். கோபத்தோடு.

பள்ளி திறக்கும் நாள். இரண்டு சாரியிலும் வெளிச்சம். அம்மாக்கள் தமாயே கடைக்கு வந்து, உட்காராமல் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

"ஹருயோ டீச்சர் எங்க?"

தமாயே வாசலுக்குப் போனாள். அவள் தெருவில் நின்று அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"ஹருயோ, கை காலியா இருக்கா?"

எதிர்க்கதவு திறந்தது. "இல்ல அக்கா. இங்கயே மூணு தலை காத்திருக்கு. நீங்க வேணா வாங்க."

தமாயே நின்றாள். பின்னால் குவாஹரா வீட்டு மருமகள் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இங்கே நின்றால் மொத்தமும் போகும். கூடப் போனால் பாதித் தலையிலாவது தன் கை இருக்கும். ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அம்மாக்களுக்கு முன்னால் முந்திக்கொண்டு தெருவைக் கடந்தாள். நானும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

முப்பத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கடைக்குள் கால் வைத்தவள், தரையைப் பார்த்தாள், நாற்காலிகளைப் பார்த்தாள், சுவர் முழுக்கப் பதித்திருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

"இது என்னோடத விடப் பெருசா இருக்கே" என்றாள். "எப்ப வாங்கின?"