செத்தவன் திரும்பி வந்த கேசட்

போன வாரம் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது செல்போன் ஒரு செய்தி காட்டியது. எங்கள் வாலிபத்தில் தலைமுடியை ஆட்டி ஆட்டிக் கத்திய வெள்ளைக்கார ஹெவி மெட்டல் குழு, அந்தப் பழைய ஆல்பத்துக்கு இரண்டாம் பாகம் போட்டிருக்கிறதாம். படத்தில் எல்லோருக்கும் முன்வழுக்கை. எனக்கும்தான், அதனால் சிரிக்கவில்லை.

ஜன்னல் வழியாக உப்புக்காற்று முகத்தில் அடித்தது. என்னுடைய முதல் டேப் ரெக்கார்டரைத் தின்றது இந்தக் காற்றுதான். அப்போது எனக்கு மரக்காணம் உப்பளத்தில் மூட்டைக்கு எடை போடுகிற வேலை. டேப் கொட்டகையிலேயே கிடக்கும். ரீவைண்ட் பட்டன் துருப்பிடித்து விழுந்துவிட்டதால், கேசட் ஓட்டைக்குள் பேனாவை விட்டுச் சுற்றுவோம்.

அந்த ஆல்பத்தைக் கொண்டுவந்தவன் என் கூட்டாளி காஜா. சார்ஜாவில் இருந்த அவன் அண்ணன் கேசட்டில் பதிந்து அனுப்பியது. எல்லாப் பாட்டும் சேர்ந்து ஒரே கதை என்று சொல்லியிருந்தார். எது முதல் பக்கம் என்று எழுதத்தான் மறந்துவிட்டார். நாங்கள் கைக்கு வந்த பக்கத்தைப் போட்டோம். எங்கள் அரைகுறை இங்கிலீஷுக்குப் புரிந்தவரை, கலங்கரை விளக்கத்துக்காரன் ஒருவன் கப்பலேறிப் போய்ப் புயலில் சாகிறான். டக்கென்று டேப் நிற்கும். திருப்பிப் போட்டால் அதே ஆள் ஊரில் விளக்கேற்றிவிட்டு, அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். செத்தவன் திரும்பி வந்துவிட்டான்! எங்களுக்குப் புல்லரித்துவிட்டது. உப்பு வாருகிற வள்ளியம்மாக்காதான் எட்டிப் பார்த்து, "ஏம்பா, உள்ள யாரு அடிச்சிக்கிறாங்க?" என்று கேட்பார்.

பக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறோம் என்பது இன்டர்நெட் வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் காஜா சார்ஜா போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில் நான் அழுதபோது, "டேய், அந்தாளு செத்தே திரும்பி வந்துட்டான். நான் பிளேன்ல போயிட்டு வரமாட்டனா?" என்றான். வந்தான், லீவில். ஒவ்வொரு தடவையும் லீவில் மட்டும்தான்.

இந்தத் தடவை "இனிமே போகல" என்று சொல்லிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் சேர்ந்து டீக்கடை போட இடம்கூடப் பார்த்துவிட்டோம். அப்புறம் சார்ஜா முதலாளி போன் செய்தார். காஜா டிக்கெட் போட்டுவிட்டான். நான் பஸ்ஸில் வந்த அன்றைக்கு மறுநாள் பயணம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இறங்கியதும் நேராக அவன் வீட்டுக்குத்தான் போனேன்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டாம் பாகத்துல அவன் சாகலயாம்டா, திரும்பி வர்றானாம். உலகமே ஆச்சரியப்படுது."

"அவன் வந்து எவ்ளோ வருஷமாச்சு! இவனுங்களுக்கு இப்பதான் தெரியுதா?"

ஆத்திரத்தை மறந்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். "நம்ம முறைப்படி பின்பாதியிலேர்ந்து போடுடா" என்றான். செல்போனில் போட்டேன். பின்பாதியில் அந்த ஆள் கிழவனாகி மறுபடியும் கப்பலேறினான். பாடுகிறவருக்கே பாவம், மூச்சு வாங்கியது. காஜா சட்டை மடிப்பதை நிறுத்திவிட்டான். பிறகு முன்பாதி. அதே ஆள் ஊர் வந்து சேர்ந்து, கதவைத் திறந்து, விளக்கை ஏற்றினான்.

"பாத்தியா, வீட்டோட முடியுது" என்று குத்தலாக ஆரம்பித்தேன். அதற்குள் செல்போன் தன்பாட்டுக்கு மறுபடி பின்பாதிக்குப் போய்விட்டது. கப்பல் சங்கு ஊதியது.

"இது தானா நிக்காதாடா?" என்றான் காஜா.

"நிக்காது. நாமதான் நிறுத்தணும்."

செல்போனைப் பார்த்துக் கையை நீட்டினான். அப்புறம் பக்கத்தில் கிடந்த சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். மறுநாள் காலையில் நான்தான் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இந்தத் தடவை, திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. டேப் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது. வள்ளியம்மாக்கா மகள் வீட்டோடு வானூர் போய்விட்டார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த ஆள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டக்கென்று டேப் நிற்கிற சத்தம் ஒன்று கேட்குமே, அதற்குத்தான் ஏங்குகிறேன்.