விரட்டக் கூடாத விருந்தாளி

வெலிபோர் பதினான்கு வருஷம் கால்பந்தில் நடுக்களம் ஆடியவன். மோராவா ஆற்றங்கரையில் எங்கள் ஊர் கிளப்பில் தொடங்கி, பெல்கிரேடில் மூன்று சீசன், கிரீஸில் ஒன்று. முழங்கால் போனதும் மறுபடி சொந்த ஊர் கிளப். அவன் தட்டிய பந்து வழி தவறாது என்று இன்றும் ஊரே சொல்லும். அதைக் கேட்டாலே அவன் எழுந்து போய்விடுவான். எல்லாம் ஒரே ஒரு பந்தால் வந்தது.

பத்தொன்பது வருஷம் முன்பு, சீசனின் கடைசி ஆட்டம். எதிரணி தோற்றால் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும். உடை மாற்றும் அறையில் கிளப் தலைவர் ஒப்ராட் வெலிபோரின் தோளில் கை போட்டார்.

"இன்னைக்கு நாம விட்டுக் குடுப்போம், அடுத்த வருஷம் அவனுங்க நமக்கு விட்டுக் குடுப்பானுங்க. ஊர் உலகத்துல நடக்காததா தம்பி?"

வெலிபோர் தன் கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டிய பந்து பாதி வழியில் நின்றது. எதிராளி ஓடிவந்து உள்ளே தள்ளினான். ஊர் காறித் துப்பியதோ, முன்னால் ஓடிவந்து எடுக்கவில்லை என்று கோல்கீப்பர் ஸ்ரெடோயேயை. சல்லடை என்று பட்டம் கட்டியது. அப்புறம் எந்த கிளப்பும் அவனைச் சீண்டவில்லை; மரம் அறுக்கும் மில்லுக்குப் போனான். வெலிபோர் வாயே திறக்கவில்லை. சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

ஆனாலும் ஸ்ரெடோயே வருஷம் தவறாமல் வெலிபோர் வீட்டு ஸ்லாவாவுக்கு வந்துவிடுவான். குடும்பத்தின் புனிதர் நிக்கோலாவுக்கான நாள். அன்று யாரையும் அழைப்பதில்லை; வந்தவரை விரட்டவும் கூடாது. வீட்டுக்காரன் உட்காராமல் நின்றே பரிமாற வேண்டும்.

இந்த வருஷம் ஒப்ராடும் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பள்ளி தொடங்குகிறாராம். வாசலில் வைக்க வெலிபோரின் படம் வேண்டுமாம். கெண்டை மீனை முள்ளோடு சப்பிவிட்டு, விரலை மேசைவிரிப்பிலேயே துடைத்தார். வெலிபோர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருந்தும் பிளம் சாராயம் ஊற்றினான். வேறென்ன செய்ய?

ஒப்ராட் கிளாஸைத் தூக்கினார். "இவனை மாதிரி நேர்மையான ஆட்டக்காரன் இந்த ஊர்ல பொறக்கல. பின்னால ஒரு சல்லடை நின்னா, பாவம், இவன் என்னய்யா பண்ணுவான்?"

மேசையே சிரித்தது. ஸ்ரெடோயே தட்டைப் பார்த்துக்கொண்டு மென்றான்.

"போதும் நிறுத்துய்யா!" வெலிபோர் பாட்டிலை வைத்தான். "அந்தப் பந்தை நான்தான் வேணும்னே மெதுவாத் தட்டினேன். தட்டச் சொன்னது நீ."

"சரக்கு ஏத்திக்கிட்டான்டா," என்று ஒப்ராட் சிரிக்கப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

வெலிபோர் ஸ்ரெடோயே பக்கம் திரும்பினான். "மன்னிச்சிருடா."

ஸ்ரெடோயே எழுந்து கோட்டை மாட்டினான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டா. உன் கால் தப்பாதுன்னு என்னைவிட எவனுக்குத் தெரியும்? இன்னைக்குச் சொல்வே, நாளைக்குச் சொல்வேன்னு பத்தொன்பது வருஷம் இங்க வந்து உக்காந்தேன். இப்பவும் இந்த ஆளு மேல இருக்கிற ஆத்திரத்துல சொல்ற. எனக்காகச் சொல்லலையேடா!"

வெலிபோர் வாசல்வரை பின்னாலேயே போனான். ஸ்ரெடோயே திரும்பிப் பார்க்காமல் பனியில் இறங்கி நடந்தான்.