மணப்பெண் அறையில் ஒரு குரல்

காளிகாட் மண்டபத்தில் என் மகளுக்குக் கல்யாண அலங்காரம் செய்ய வந்தவர் ஒரு பெங்காலி அம்மாள். உதடுகளுக்கிடையில் எப்போதும் சில ஊக்குகள், அவற்றோடேயே பேசுவார். அறையில் என் மாமியார் முதல் பள்ளிக்கூடப் பெண்கள் வரை நிறைந்திருந்தோம். மகளுக்கு முடித்ததும் எங்கள் பக்கம் திரும்பி, “மேயேரா!” என்றார். பெண்பிள்ளைகளே வாருங்கள் என்று அர்த்தம்.

மாமியார் முகம் சுளித்தார். “யாரைடி சொல்றா? என்னையுமா?”

பெரியவர்களை மாஷிமா, நம் பெரியம்மா போல, என்று கூப்பிடலாமே என்று நான் பெங்காலியில் கேட்டேன்.

“மாஷிமான்னா எனக்கெதுக்கு அலங்காரம்னு ஒதுங்கிடுவாங்க, தீதி. பொண்ணுங்கன்னா எல்லாரும் வருவாங்க.”

கணவனை இழந்த என் நாத்தனார் கதவோரம் நின்றிருந்தாள். அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமலே மறுபடியும், “மேயேரா!” என்றார். நாத்தனார் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். மாமியார் அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நாத்தனார் நெற்றியில் சந்தனப் புள்ளி வைக்கும்போது மட்டும், அந்த அம்மாளின் உதட்டில் ஊக்குகள் இல்லை. கதவோரம் நின்றவளை எப்போது கவனித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.