சாயிப்பு சொல்லாத பிரசங்கம்

இங்கிலாந்திலிருந்து ஒரு வேதசாஸ்திர மாணவர் ஒரு வாரம் ஊழியம் செய்ய நம் சபைக்கு வருகிறார் என்று சபைப் போதகரான ஐயர் ஆராதனையில் அறிவித்தபோது, பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர்களின் ஆட்சி போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அருமனைக்கு மேற்கே எங்கள் ஊரில் ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பு வந்து தங்குவது என்பது கிறிஸ்துமஸைவிடப் பெரிய காரியம்.

அப்பா எங்கள் சபைக் கோயிலின் கோயில்குட்டி. மணி அடிப்பது, கூட்டிப் பெருக்குவது, கல்லறைக் குழி வெட்டுவது எல்லாம் அவர் வேலை. கோயில் வளாகத்தின் மூலையில் இருந்த ஓலை வீட்டில் எங்களை இருக்கவிட்டிருந்தார்கள். அம்மா இறந்து நாளாகியிருந்தது. அக்கா வீட்டிலிருந்து லேஸ் பின்னினாள். நான் நாகர்கோவிலில் மிஷன் பெண்கள் பள்ளி விடுதியில் படித்து, கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தேன். அங்கே எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்கள் வெள்ளைக்கார அம்மாக்கள்தான்.

சபையில் ஐயர் இருந்தாலும் அதிகாரம் செக்ரெட்டரியிடம் இருந்தது. ரப்பர் தோட்டமும் அரிசிக் கடையும் உள்ளவர். முந்தின வருடம் தன் தம்பிக்கு அக்காவைக் கேட்டு வந்தார். தம்பிக்கு மனைவி இறந்து, மூன்று பிள்ளைகள். அப்பாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். அப்பா தலை குனிந்து நின்றார். அக்கா உள்ளே இருந்து வந்து, "எனக்கு வேண்டாம் ஐயா," என்றாள். செக்ரெட்டரி சிரித்தார். "செரி மக்களே," என்று அவளிடம் சொல்லிவிட்டு, கொடுத்த சாயாவை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார்.

சாயிப்பு ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல உயரம், வெயிலில் சிவந்துபோன கழுத்து, அக்காவின் வயதுதான் இருக்கும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்று கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். அவருக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பதும், வீடுகள் சந்திக்கப் போகும்போது அந்தத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதும் எனக்கு இட்ட வேலை. மொழிபெயர்க்கச் செக்ரெட்டரி கூடவே வந்தார்.

முதலில் போனது வாதத்தில் விழுந்து கிடந்த ஒரு ரப்பர் வெட்டுக்காரரின் வீட்டுக்கு. சாயிப்பு தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பார்க்க முடிந்தது எனக்குக் கிடைத்த பெருமை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

செக்ரெட்டரி தமிழில் சொன்னார்: "கோயிலுக்கு வராம நடந்ததுக்குக் கர்த்தர் உன்னக் கெடத்திப் போட்டுட்டாருண்ணு சாயிப்பு பறயுதாரு."

அந்த மனிதர் குலுங்கி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து சாயிப்பு அவர் கையை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அடுத்த வீட்டிலும் அதே கதை. வீடு வீடாக, செக்ரெட்டரிக்கு யார்மேல் என்ன கோபமோ அதெல்லாம் சாயிப்பின் வாயிலிருந்து வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "வாய மூடிட்டுக் கெட. வீட்ட விட்டு எறக்கிவிட்டா எங்க போவ?" என்றார். அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி, வெளியே பலா மரத்தடியிலும் ஆட்கள் நின்றார்கள். சாயிப்பு சமாரியப் பெண்ணைப் பற்றிப் பிரசங்கித்தார். இயேசு அவளிடம் தண்ணீர் கேட்டார். கேட்கிறவர் கொடுக்கிறவளைவிட உயர்ந்தவர் என்று காட்டிக்கொள்ளவில்லை என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

"கெணத்தடிக்கு உச்சி வெயில்ல தனியா வாற பெண்ணு எப்பிடிப்பட்டவண்ணு உங்களுக்குத் தெரியும்," என்று செக்ரெட்டரி மொழிபெயர்த்தார். "நம்ம சபையிலயும் ஒருத்தி உண்டு. மானமா கெட்டிக்கொண்டு போக வந்தவன வேண்டாம்ணு சொன்னவ. அப்போ அவ ஆரக் காத்துட்டு இருக்கா? இந்தக் கோயில் வளப்புக்குள்ளயே இருந்து ஆரக் காத்துட்டு இருக்காண்ணு சாயிப்பு கேக்குதாரு."

ஆண்கள் பக்கம் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். தான் ஏதோ நகைச்சுவையாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்த சாயிப்பும், முகமெல்லாம் மலர, கூடவே சிரித்தார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் இருந்த ஐயருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். அவர் வேதப் புத்தகத்தைத் திறந்து எதையோ தேடுவதுபோலப் பக்கங்களைப் புரட்டினார்.

ஆராதனை முடிந்ததும் சாயிப்பு வாசலில் நின்று கை குலுக்கினார். அக்கா நேரே அவர் முன்னால் போய் நின்றாள். நீட்டிய கையைத் தொடவில்லை.

"நான் என்ன தப்பு செய்தேன்? ஆரு உம்மட்ட பறஞ்சது?" என்று கேட்டாள்.

"பிரசங்கம் மிக நன்றாக இருந்தது என்கிறாள்," என்றார் செக்ரெட்டரி ஆங்கிலத்தில்.

சாயிப்பு மகிழ்ந்துபோய், கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார் என்றார்.

"மனந்திரும்பணும்ணு பறயுதாரு," என்றார் செக்ரெட்டரி.

அந்த இடத்தில்தான் எனக்குத் தாங்கவில்லை. "சார், இவர் நீங்கள் சொன்னதைச் சொல்லவில்லை," என்று ஆங்கிலத்தில் கத்தினேன். பிரசங்கத்தில் என்ன வந்தது, அக்கா என்ன கேட்டாள், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். சாயிப்பின் முகம் வெளுத்தது. செக்ரெட்டரியைப் பார்த்தார். ஐயரைப் பார்த்தார். செக்ரெட்டரி நிதானமாக, "இவள் தங்கை. கோபத்தில் பேசுகிறாள்," என்றார். ஐயர் சாயிப்பின் தோளைத் தொட்டு, சாப்பாடு ஆறிவிடும் என்றார். சாயிப்பு அவரோடு நடந்து போனார்.

அப்பா அத்தனை பேர் முன்னால் என் கன்னத்தில் அறைந்தார். பிறகு என்னைத் தலையைப் பிடித்துக் குனியவைத்துச் செக்ரெட்டரியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. எனக்காக அவரே கேட்டார்.

சாயங்காலம் சாயிப்பு மட்டும் எங்கள் முற்றத்துக்கு வந்தார். அக்கா வாசற்படியில் நின்றாள். அவர் என்னிடம், "நான் உன்னை நம்புகிறேன். ஆனால் நான் இங்கே விருந்தாளி. நாளைக்குப் போய்விடுவேன். நான் ஏதாவது சொன்னால் அதற்குப் பிறகு கஷ்டப்படப்போவது நீங்கள்தான்," என்றார்.

நான் அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"கோயில்ல எல்லாருக்க முன்னயும் வச்சுத்தானே எனக்க மானத்த எடுத்தாவ," என்றாள் அக்கா. "நாளைக்குப் போவதுக்கு முன்ன மணியடிச்சு ஆளக் கூட்டி, நான் அதச் சொல்லல்லண்ணு ஒரு வாக்குச் சொல்லுவாராண்ணு கேளு."

கேட்டேன். அவளுக்காக ஜெபிக்கிறேன் என்றார்.

"என்னட்டி பறயுதாரு?"

"உனக்காக ஜெபிப்பாராம்."

"வேண்டாம்ணு சொல்லு."

சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் செக்ரெட்டரி போட்ட மாலையோடு பஸ் ஏறினார். வழியனுப்ப மணி அடித்தது அப்பா.

விருந்தாளியை அவமதித்ததாகச் சொல்லி எங்கள் இரண்டு பேரையும் கர்த்தருடைய பந்தி என்கிற நற்கருணையிலிருந்து விலக்கி வைத்தார்கள். நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போய்விட்டேன். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஊரில் கிடந்தவள் அக்கா. முட்டத்துப் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அக்காவைப் பிடித்திருந்தது. கிளம்பும்போது மாப்பிள்ளையின் தாயார் அப்பாவிடம் குரலைத் தாழ்த்தி, "சாயிப்பு கோயில்ல வச்சுப் பறஞ்ச பெண்ணு இதுதானா?" என்று கேட்டார். நாங்கள் அதுவரை கண்டிராத ஆட்கள். அத்தனை தூரத்துக்கு அந்தச் சொல் போயிருந்தது. செக்ரெட்டரி தன் சொல்லாகப் பேசியிருந்தால் பகை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். கடல் தாண்டி வந்த ஒருவர், யாரென்றே தெரியாத பெண்ணைப் பற்றிச் சொன்னால் அது பொய்யாக இருக்குமா என்று எல்லாரும் கேட்டார்கள்.

அதன் பிறகு யாரும் வரவில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கழுவிக் கட்ட ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டு அக்கா கிளம்பினாள். லேஸ் நூலையும் ஊசிகளையும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாள். அவளை பஸ் ஏற்ற, விடுமுறைக்கு வந்திருந்த நானும் அப்பாவும் போனோம். அரிசிக் கடை வாசலில் செக்ரெட்டரி நின்றுகொண்டிருந்தார்.

"மகள எங்க அனுப்புதீரு வோய்?" என்று அன்பாகக் கேட்டார்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஒரு வேல கெடச்சிருக்கு ஐயா. எல்லாம் உங்க ஆசீர்வாதம்," என்றார்.

அக்கா பஸ்ஸின் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் புறப்பட்டபோது அவள் எனக்குக் கையசைத்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் சாகும்வரை அவள் மலையிலிருந்து இறங்கி வரவும் இல்லை.