உத்தரவுக்குக் காத்திராத தனலட்சுமி மேடம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழுமலை போன் செய்தார். "மேடம் நம்மள விட்டுப் போயிட்டாங்க." எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்த எல்லாருக்கும் மேடம் என்றால் இளநிலைப் பொறியாளர் தனலட்சுமிதான்.

ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி இருந்த எங்கள் சிறிய அலுவலகத்தில் நான் அவரிடம் எழுத்தராக இருந்தேன். அப்போது குழாய் உடைந்தால் நாங்களே முடிவெடுப்போம். பிறகு அந்த அதிகாரம் தலைமை அலுவலகத்துக்குப் போனது. வால்வை மூடக்கூட மேலிருந்து உத்தரவு வர வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே ஓடிவந்தார். "மோந்து பாருங்கம்மா. எம்பொண்ணு விடாம வாந்தி எடுக்குறா. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. பக்கத்து வூட்லயும் ரெண்டு பேரு படுத்துட்டாங்க."

சாக்கடை வாடை அடித்தது. பகல் தண்ணீர் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. மேடம் தலைமை அலுவலகத்துக்கு ஆறு முறை போன் செய்தார். அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார், புகாரைக் கணினியில் ஏற்றுங்கள் என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. மேடம் எழுந்தார்.

"ஏழுமலை, வால்வ மூடுங்க."

குழாய் ஃபிட்டரான ஏழுமலை தயங்கினார். "உத்தரவு இல்லாம மூடினா என் தலையில வுழும் மேடம்."

"வால்வு சாவியக் குடுங்க."

குழிக்குள் இறங்கி அவரே வால்வைத் திருகினார்.

மதியத்துக்குள் நாலைந்து தெரு ஜனங்கள் காலிக் குடங்களோடு அலுவலகத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கதவை உதைத்தார். நான் உள்ளே தாழிட்டேன். மேடம் தாழை நீக்கி வெளியே போனார். "தண்ணி வரலன்னு என்னத் திட்டுங்க, கேட்டுக்குறேன். அந்தத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தீங்கன்னா திட்டக்கூடத் தெம்பு இருக்காது" என்றார். கூட்டம் கலையவில்லை. ஆனால் யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை.

சாயங்காலம் தோண்டியபோது சாக்கடைக்கு அடியில் குழாய் விரிசல் விட்டிருந்தது. பாட்டிலோடு வந்த பெண்ணின் மகள் பிழைத்துக்கொண்டாள். மேடத்துக்கு மெமோவும் சேதராப்பட்டுப் பக்கம் மாற்றலும் வந்தன.

மெமோவுக்கு ஆதாரமான அறிக்கையைத் தட்டச்சு செய்தது நான். "அனுமதியின்றி வால்வை மூடினார்" என்று எழுதினேன். ஆறு போன்களை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று மேலிருந்து சொன்னார்கள். எனக்கும் பயம்.

மாற்றலாகிக் கிளம்பும் நாளில் மேடம் அதைப் படித்துவிட்டு, "இதுல பொய் எதுவும் இல்லப்பா. ஆனா நான் போன் பண்ணதெல்லாம் எங்க?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை.

பழைய நாட்களை அவர் புகழ்ந்ததில்லை. "அதிகாரம் நம்ம கையில இருந்தப்ப வேண்டியவங்க தெருவுக்கு முதல்ல தண்ணி வுட்டோமே, மறந்துட்டியா? ஆனா அப்போ ஜனங்க நேரா வந்து நம்ம சட்டையப் புடிக்க முடிஞ்சுது" என்பார்.

அவரிடம் கடைசிவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருடைய அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. இப்போது எந்த அறிக்கையிலும் யாரை, எத்தனை மணிக்கு அழைத்தோம், என்ன பதில் வந்தது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். அந்த வரியை அடித்துவிடச் சொல்கிறார்கள். நான் அடிப்பதில்லை.