ஏழு ஸ்வெட்டர்கள்

திருநெல்வேலியில் குளிர் என்பது விடியற்காலையில் வந்து, நாம் காப்பி குடித்து முடிப்பதற்குள் போய்விடுகிற ஒன்று. அதனால் மார்கழியில் டெல்லிக்குப் போகிறோம் என்று முடிவானபோது, என்ன உடுத்துவது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா ஒரு மப்ளரை வாங்கிக் கழுத்தில் சுற்றி, டெல்லியையே வென்றுவிட்டதுபோல் கண்ணாடி முன் நின்றார். அம்மா இரண்டு ஜமக்காளத்தை மடித்து வைத்தாள். என் பாடுதான் திண்டாட்டம். ஒன்பது வயது, குளிர் பட்டால் மூச்சு இழுக்கிற இளைப்புக்காரி. வண்ணார்பேட்டைக் கடைகளில் என் அளவுக்குக் கம்பளிச் சட்டை எதுவும் இல்லை. கிடைக்காவிட்டால் என்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக அப்பா சொல்லிவிட்டார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அம்மாவுக்கு ஸ்ரீவைகுண்டத்து அத்தையின் நினைவு வந்தது. அப்பாவுக்கு அக்கா. மாமாவின் வேலைக்காகக் கொஞ்ச காலம் டெல்லியில் இருந்தவள், கம்பளி ஏதாவது வைத்திருப்பாள். அத்தைக்கும் ஒரு மகள் இருந்தாள். நானும் அவளும் ஒரே வருஷம், ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். டெல்லிக்குப் போன முதல் மார்கழியிலேயே, மூன்று வயதில், சளிக் காய்ச்சலில் இறந்துபோனாள். அந்த அத்தையிடம் போய் எப்படிக் கேட்பது என்று அம்மா தயங்கினாள். நான் விடவில்லை. நச்சரித்து பஸ் ஏற வைத்தேன்.

கேட்டதும் அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. உள்ளேயிருந்து ஸ்வெட்டர்களை எடுத்து, சின்னதிலிருந்து பெரியதுவரை கட்டிலில் வரிசையாகப் பரப்பினாள். மொத்தம் ஏழு. எல்லாம் கையால் பின்னியவை. ஒன்றிலும் கழுத்தில் அழுக்கில்லை, ஒரு பொத்தான்கூடத் தளரவில்லை. ஜவுளிக்கடைக்கு வந்த சந்தோஷம் எனக்கு. ஆறாவதாக இருந்த கிளிப்பச்சையைக் கையில் எடுத்தேன்.

“அது போன வருசத்ததுல்லா. கை எட்டாது. இத எடுத்துக்கோட்டீ” என்று கடைசியில் இருந்த சிவப்பை நீட்டினாள் அத்தை.

“யாருக்கு மதினி இதெல்லாம்?” அம்மாவின் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

“இதென்ன கேள்வி? வருசத்துக்கு ஒண்ணுன்னு பின்னிக்கிட்டு வாரேன். வளருத பிள்ளைல்லா.”

அந்த வீட்டில் அத்தையையும் மாமாவையும் தவிர வேறு யாரும் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அடுக்களைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

சிவப்பு ஸ்வெட்டர் எனக்கு அத்தனை கச்சிதமாகப் பொருந்தியது. தோளில் தொய்வில்லை, கையில் ஒரு விரல் நீளமும் கூடவோ குறையவோ இல்லை.

“நீங்க ரெண்டு பேரும் எப்பமும் ஒரே உசரந்தான” என்றாள் அத்தை. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தாள்.

அம்மா என் கையைப் பிடித்தாள். “ஏட்டி, கழத்து. போவோம்.”

கழற்றினால் டெல்லி போச்சு. பொத்தான்களை இறுகப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

“பிள்ளைய அழ வைக்காத” என்றாள் அத்தை அம்மாவிடம். “நான் வெறும் பருத்திக் கவுனோட கூட்டிட்டுப் போனேன். நம்மூர்க் குளிரு மாதிரித்தான் இருக்கும்னு நெனச்சேன். நீயும் அப்படிக் கூட்டிட்டுப் போயிராத.”

அம்மாவின் பிடி தளர்ந்தது. கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டெல்லி உறுதியாகிவிட்டதில் என் அழுகை நின்றுபோனது.

அத்தை பெட்டியின் மூலையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள். “இங்கன வா. பைய திரும்பு” என்று என் தோளிலும் கையிலும் நூலை வைத்து அளந்தாள். ஒவ்வோர் அளவோடும் இரண்டு விரல் கூட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அடுத்த வருஷம் எனக்கும் ஒன்று பின்னித் தரப்போகிறாள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அளவு தப்பிவிடக் கூடாதே என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் நின்று கொடுத்தேன்.